நாத்தனாரும் நானும் ரத்தப் பைகளும்

இப்போதெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் ரத்தத்தைச் சூடாக்க மிஷின் இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை மாட்டினால் வெதுவெதுப்பாக இறங்குகிறது. எங்கள் காலத்தில் அந்த மிஷினே நாங்கள்தான் என்று சொன்னால், இந்தக் காலத்து நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன.

அடிபட்டு ரத்தம் கொட்ட வருகிறவருக்கு ரத்தம் ஏற்றினால் மட்டும் போதாது. சில்லென்று பை பையாக ஏற்றினால் உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சுடுதண்ணீரில் போட்டாலோ ரத்தம் கெட்டுவிடும். அதனால் அக்குளில் ஒன்று, மேலங்கிக்குள் வயிற்றோடு ஒன்று என்று நாங்களே வைத்துக்கொள்வோம். உடம்புச் சூட்டில் எதுவும் தீய்ந்துபோகாது.

அந்தத் தியேட்டரில் நானும் என் நாத்தனாரும் நர்சுகள். வீட்டிலும் அவள் முகம், வேலையிலும் அவள் முகம். போதாக்குறைக்கு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டார். நிதானம் என்பது அந்த மனிதரின் அகராதியிலேயே இல்லை, வேண்டவே வேண்டாம் என்றேன். "எங்க அண்ணன் என்ன சின்னப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டு, அவளே அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கவைத்தாள். வண்டி வீட்டுக்கு வந்தது, எங்கள் பேச்சு நின்றது. தியேட்டரில் எனக்குச் சொல்ல வேண்டியதைக்கூட அவள் கத்தரிக்கோல் தட்டைப் பார்த்துத்தான் சொல்வாள். நானும் சளைத்தவளில்லை, சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். லாரியோடு மோதிய ஆள். முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அவசரத்தில் காலையில் நான் தைத்த பொத்தான்.

எனக்கு முன்னால் அவள் "அண்ணா" என்று அலறிவிட்டாள்.

"சொந்தக்காரங்க உள்ள நிக்கக் கூடாது, வெளிய போங்க ரெண்டு பேரும்" என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். நடையில் ஒரு பெஞ்சு. அந்த ஓரத்தில் அவள், இந்த ஓரத்தில் நான். 'சொன்னேனே, கேட்டியா?' என்பது என் நாக்கு நுனியில் நின்றது. துப்பியிருந்தால் அவள் அங்கேயே செத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டாக்டரம்மா கை நிறைய ரத்தப் பைகள்.

"உள்ள எல்லார் கையும் வேலையா இருக்கு. வயித்துல இருந்து ரத்தம் நிக்கல, உடம்பு ஐஸா இருக்கு. ஒருத்தர் சூடு பத்தாது. நடுவுல வச்சு ரெண்டு பேரும் கட்டிக்கோங்க."

நான் சுவரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஆள் வேணுமா வேணாமா?" என்றார் டாக்டரம்மா.

கட்டிக்கொண்டோம். பைகள் எங்கள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில். குளிர் எலும்புவரைக்கும் இறங்கியது. அவள் தாடை என் தோளில் இடித்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது பையைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"சொல்லிடுங்க அண்ணி" என்றாள் காதருகில். "சொன்னேனேன்னு சொல்லிடுங்க. நான்தானே அந்தப் பாழாப்போன வண்டியை வாங்க வச்சேன்."

"வாயை மூடிட்டு இறுக்கிப் பிடிடீ. பை நழுவுது."

சூடான பையை வாங்கிக்கொள்ள ஒரு கை கதவுக்கு வெளியே நீளும், சில்லென்ற இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போகும். போகப் போக எங்களுக்கே பல் தந்தியடித்தது. விட்டால் அவர் போய்விடுவார் என்று இருவருக்கும் தெரியும். மாற்றி மாற்றி ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டோம்.

கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்தார். முகமூடியை இறக்கியிருந்தார். "ரத்தம் நின்னுடுச்சு. உடம்பும் சூடாகுது. போதும், விடுங்க."

நாங்கள் விடவில்லை. நடுவில் பை ஏதும் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிழைத்து வந்தவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அவர் குடிக்கும் சூப்பில் உப்பு எவ்வளவு போடுவது என்று அந்த வாரமே எங்களுக்குள் மறுபடி சண்டை மூண்டது. "ஏறினது எவன் எவன் ரத்தமோ, சூடு மட்டும் உங்க ரெண்டு பேரோடது. அதான் எனக்கு இவ்வளவு கோவம் வருது" என்பார். பல வருஷம் இருந்து, தூக்கத்திலேயே போனார்.

அப்புறம் அவளுக்கும் வேறு ஆளில்லை, எனக்கும் ஆளில்லை. ஒரே வீட்டில் இரண்டு கிழவிகள், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. இந்த வயதிலும் அவளுக்கு ஸ்கூட்டர். வித்துத் தொலை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். போன மாதம் ஒரு வேன் இடித்து அவளைத் தூக்கி எறிந்தது.

அதே ஆஸ்பத்திரி, புதுக் கட்டடம். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு நர்சுப் பெண் ரத்தப் பைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடினாள். நான் எழுந்து நின்று, "ஒண்ணைக் குடும்மா, நான் வச்சுக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

"மிஷின் இருக்கும்மா, நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கை இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். அன்று அவருக்காகக் கட்டிக்கொள்ள இவள் இருந்தாள். இன்று இவளுக்காகக் கட்டிக்கொள்ள எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்த நடையிலேயே வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"இப்பவாவது சொல்லிடுங்க அண்ணி. சொன்னேனேன்னு."

சொல்லத்தான் வந்தேன். வாய் வேறு எதையோ சொன்னது.

"குளுருதாடீ?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"எனக்குக் குளுருது" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு ஊசி குத்தாத கையால் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, முக்கி முனகித் தள்ளிப் படுத்தாள்.