கால் அடங்கும் வரை

என் மகள் உமாராணி ஸ்பெயினிலிருந்து கூப்பிட்டபோது எனக்கு முழங்கை வரைக்கும் ரத்தம். பக்ரீத் காலை. குவைத்தில், ஃபஹாஹீல் பக்கத்தில் ஆடறுக்கிற கூடத்தில் எனக்குத் தோலுரிக்கிற வேலை. சித்தீக் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பான், நான் உரிப்பேன். அவனுக்கு ஊர் தொண்டி, நான் பரமக்குடிப் பக்கம். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். போனைக் கையால் தொட வழியில்லாமல் மூக்கால் அமுக்கி எடுத்தேன். சித்தீக் அதைக் கழுத்துக் கயிற்றோடு ஒரு காலிக் கொக்கியில் மாட்டிவிட்டான். இரண்டு உரித்த ஆடுகளுக்கு நடுவில் மகள் முகம் ஆடிக்கொண்டு தெரிந்தது.

"இப்ப உள்ள கூப்புட்ருவாங்கப்பா."

"போ. மன்னிப்புக் கேட்டுட்டு வா. வேற ஒரு பேச்சும் பேசாத."

"கேக்க மாட்டேன்."

அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறது கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குகிற படிப்பு. குவைத்தில் நாங்கள் குடிக்கிறது பூரா அந்தத் தண்ணிதானே, அதைப் படிக்க அத்தனை தூரம் எதுக்கு ஆத்தா என்று கேட்டதற்கு, உங்களுக்குப் புரியாதுப்பா என்றாள். சரி, புரியவேண்டாம். விடுதியில் எல்லாருக்கும் ஒரே சமையலறை. கூடப் படிக்கிற ஒருத்தன் இவள் அடுப்பைப் பற்றவைத்தாலே மூக்கைப் பிடிப்பானாம். இட்லி மாவைக் கக்கூஸில் கொட்டினானாம். இவள் ஆபீஸில் போய்ச் சொன்னதற்கு, விளையாட்டுத்தானே என்று சிரித்தார்களாம். ஒருநாள் பின்னாலிருந்து சடையைப் பிடித்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் முகத்தை அமுக்கியிருக்கிறான். கூட்டாளிகள் சுற்றி நின்று போனில் படம் பிடித்திருக்கிறார்கள். இவள் கைக்கு அகப்பட்டது தோசைக்கல். என் வீட்டுக்காரி வீரம்மாள், இதைக் கொண்டுபோனால்தான் ஆச்சு என்று பெட்டியில் திணித்துவிட்ட இரும்புக்கல். திரும்பி ஒரே வீச்சு. அவனுக்கு முன்பல் ரெண்டு போய், உதடு கிழிந்து தொங்கியிருக்கிறது.

இப்போது அந்தப் படத்தில் அமுக்கினது இல்லை, இவள் அடித்தது மட்டும் இருக்கிறது. இன்றைக்கு விசாரணையில் அவன் அப்பன் ஆத்தா முன்னால், நான்தான் வம்புக்குப் போனேன், தப்பு என் மேல் என்று சொன்னால் படிப்பை முடிக்கலாம். இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்பவேண்டியது. பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. முகத்தை அமுக்கினான் என்பதை அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு இது இருந்தது. அமுக்கியே இருந்தாலும்தான் என்ன? இங்கே மங்காஃப் கேம்பில் ஐயப்பன் என்று ஒருத்தன். கையை ஓங்கிய மேஸ்திரியை மண்வெட்டியால் திருப்பி அடித்துக் கழுத்தெலும்பை உடைத்தான். நியாயம் அவன் பக்கம். ஜெயிலிலிருந்து நேரே ஏரோப்ளேனில் ஏற்றினார்கள். காலில் செருப்புக்கூட இல்லை. நியாயம் அவனுக்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுக்கவில்லை.

"ஒரு வார்த்தைதான ஆத்தா. சொன்னா வாயி வெந்துபோகுமா?"

"நான் ஏன்ப்பா சொல்லணும்? மூச்சு முட்டுனது எனக்குப்பா, அவனுக்கில்ல."

"பல்லு போனது அவனுக்குல்ல?"

இப்படி அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே அடுத்த ஆட்டின் பின்னங்காலில் கத்தியை இறக்கிவிட்டேன். சித்தீக் அப்போதுதான் அறுத்திருந்தான். அறுத்த ஆட்டின் கால் அடங்குகிற வரைக்கும் கத்தி படக்கூடாது. அது உயிரோடு தோலுரிக்கிற மாதிரி. அதுவும் குர்பானி ஆடு. வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஆடு உதறின உதறலில் கத்தி அதன் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் என் வாயில் அடித்தது. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற ஆட்டுக்காரர், வெள்ளை உடுப்புப் போட்ட குவைத்திப் பெரியவர், அரபியில் அலறினார். நான் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து, "சாரி பாபா, மாஃப் கரோ பாபா" என்றேன். தப்பு என்னுடையது, கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. அவர் கையை உதறினார். பிறகு, "கலாஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கவேண்டும். மேஸ்திரி ஹசன் அலி வந்தான்.

"ஏ புட்டா! அந்தா ஹை க்யா?" கிழவா, கண் குருடா என்று கேட்கும்போதே அறை விழுந்தது. என் பிள்ளை வயசு அவனுக்கு. காது கொய்யென்றது. பூட்ஸ் காலால் இடுப்பில் மிதித்தான், வழுக்கி விழுந்தேன். ரத்தம் ஓடுகிற கால்வாயில் பிடரியைப் பிடித்து முகத்தை அமுக்கினான். சூடாக இருந்தது. மூச்சு இழுத்தால் ரத்தம் மூக்கில் ஏறியது. எடுப்பான் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. மேலே யாரோ சிரித்தார்கள். விட்டபோது நான் இருமிக்கொண்டு எழுந்தேன். கத்தி கையிலேயேதான் இருந்தது. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று வயிறு கொஞ்சம் தெரிந்தது. என் கண் அங்கே போய் நின்றது. அந்த இடத்தில் கத்தியை விட்டு மேலே ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தினமும் செய்கிற வேலை.

"மாமா, வேணாம் மாமா" என்றான் சித்தீக். கிட்டே வரவில்லை.

ஒரு எட்டு வைத்தேன்.

"அப்பா! கத்தியக் கீழ போடுங்கப்பா!"

கொக்கியிலிருந்து சத்தம். போனை அணைக்க எனக்குத் தெரியாது, எப்போதும் அவள்தான் அணைப்பாள். அவள் அணைக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"சாரி சொல்லிருங்கப்பா. உங்களக் கும்புடுறேன், சொல்லிருங்கப்பா!"

ஹசன் அலி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கத்தியை அப்போதுதான் பார்த்தான் போல, முகம் வெளுத்துவிட்டது. நான் கத்தியை மேடையில் வைத்தேன். "சாரி பாய்" என்றேன். அவன் என் காலடியில் துப்பிவிட்டு, "யல்லா, ஜல்தி" என்று போனான்.

ரப்பர் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு போன்கிட்டே போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கதவு திறந்தது. யாரோ அவள் பேரைப் பாதி கடித்துத் துப்பினமாதிரிக் கூப்பிட்டார்கள்.

"வலிக்குதாப்பா?"

"என்னத்த வலி."

"நான் உள்ள போயி என்னப்பா சொல்லட்டும்?"

இதுநாள் வரைக்கும் அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஸ்பெயின் போகிறேன் என்றபோதுகூடச் சொன்னாளே தவிர, கேட்கவில்லை. வாயைத் திறந்தேன். கழுவியும் நாக்கில் ஆட்டு ரத்தம் உப்புக் கரித்தது. காலையிலிருந்து அவளிடம் கத்தினேனே, அந்த ஒரு வார்த்தை, அது வரவில்லை. வேறு வார்த்தையும் வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

இந்தத் தடவையும் போனை அணைக்கவில்லை. படம் இருட்டாகிவிட்டது, சட்டைப்பையில் போட்டிருப்பாள். சத்தம் மட்டும் வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. ஒரு பொம்பளை எதையோ நீட்டிப் படித்தாள். ஒரு பையன் பேசினான். பேச்சில் காற்று போனது, பல் போனவன் அவன்தான்.

சித்தீக் அடுத்த ஆட்டைச் சாய்த்தான். பிஸ்மி சொன்னான். அறுத்தான்.

என் மகள் பேச ஆரம்பித்தாள். அவர்கள் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. மன்னிப்புக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்றுகூடத் தெரியாது. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அழுகை இல்லை. யாரோ நடுவில் ஏதோ சொல்ல, நிறுத்திவிட்டு மறுபடி பேசினாள்.

"ஜல்தி, ஜல்தி!" தூரத்திலிருந்து ஹசன் அலி கத்தினான்.

நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டின் ஒரு கால் அடங்கிவிட்டது. இன்னொரு கால், தரையில் எதையோ தேடுகிற மாதிரி, மெதுவாக உதைத்துக்கொண்டிருந்தது.