எண்பத்து மூன்று

சோதனை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் சோதனைக்காரி. அவளை எல்லோரும் ‘ஸ்டாப்வாட்ச்’ என்பார்கள். தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டுகிற ‘எட்டரை’. பழைய பிரஸ் ஒன்றரை விரலைத் தின்றபின் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. புது பிரஸுக்கு மென்பொருள் எழுதிய புரோகிராமர். மேனேஜர். மேனேஜரின் கோப்பில் இரண்டு காகிதங்கள்: புது பிரஸுக்கான சான்றிதழ், அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. முதலாவதில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் இரண்டாவதில் அவர் கையெழுத்து விழும்.

பிரஸுக்கு முன்னால் ஓர் ஒளித்திரை. ஏதாவது குறுக்கே வந்தால், இறங்கும் இரும்பு ஐம்பது மில்லி செகண்டுக்குள் நின்றாக வேண்டும். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஐம்பது துண்டு. அதுதான் எழுதி வைத்த விதி. எட்டரை கைக்குப் பதில் மரக்குச்சியை நீட்டுவார், அவள் நேரத்தைக் குறிப்பாள். மூன்று வாரமாக நாற்பதைத் தாண்டியதில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இயந்திரத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போடுவது அங்கே வழக்கம். யாரும் சொல்லித் தந்ததல்ல, கைப்பழக்கம். முந்தாநாள் காலை முழுக்க பிரஸ் ஓடியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவள் அணைக்க மறந்து, குச்சியை நீட்டச் சொன்னாள். நுனி நசுங்கியது. அவள் கருவியில் 83.

நேற்று வேண்டுமென்றே அணைக்காமல் ஓடவிட்டுப் பார்த்தாள். அதே எண். அடித்த ஒவ்வொரு பீஸின் கணக்கும் ஆபீசுக்குப் போகிறது. பட்டியல் நீள நீள, ‘நில்’ என்ற கட்டளை அதன் பின்னால் வரிசையில் நிற்கிறது; அணைத்துப் போட்டால் பட்டியல் காலியாகிவிடும். புரோகிராமரே ஒப்புக்கொண்டு, சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டான். பீஸ்களை ஏற்ற நாளைக்கு லாரி வருகிறது என்றார் மேனேஜர்.

"அணைச்சுப் போட்டு எடும்மா. எப்பவும் எடுக்கறதுதானே?"

"அண்ணன் ஒவ்வொரு பீஸுக்கும் அணைச்சுப் போட்டா ஓட்டப் போறாரு, சார்?"

எட்டரை சிரித்தார். "மிச்சம் இருக்கறதை நான் எண்ணி வச்சிருக்கேன், சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. உத்தரவை உருவி, அவள் கண்ணில் படும்படி மேலே வைத்தார். அவள் சான்றிதழை மட்டும் இழுத்தாள். ‘அதிகபட்ச நேரம்’ என்ற கட்டத்தில் 83 என்று அழுத்தி எழுதி, அதன்மேல் நசுங்கிய குச்சியை வைத்தாள்.

"இந்த எண்ணோட வேணும்னா கையெழுத்துப் போடறேன்."

அவர் குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டார். கோப்பிலிருந்து வேறொரு வெற்றுச் சான்றிதழ் புரோகிராமர் முன்னால் வந்தது. அவன் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 38 என்று எழுதிக் கையெழுத்திட்டான். கதவைத் திறக்கும் அவளுடைய வாசல் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் மேனேஜர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எட்டரையிடம் போனாள். மணிக்கொரு தரம் அணைத்துப் போடச் சொன்னாள்.

"போடலாம்மா. ஒரு தரத்துக்கு இருபது பீஸ் குறையும். கேப்பாங்களே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டார். பிரஸ் முதல் அடியை அடித்தது. அவள் நிமிர்ந்தே நடந்தாள். வாசலைத் தாண்டியதும் கதவு பின்னால் மூடியது. பூட்டு துளியும் தாமதிக்காமல் விழுந்தது.