ஒன்றரைச் சுற்று

படகுத்துறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. 'செக்கிங்' என்றால்தான் தெரியும். கட்டிய கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மூடிய மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடுவார். அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை, மாப்பிள்ளை கொண்டுவந்து இறக்கிய சாமானைத் தொடாமல் கைகட்டி நின்றார் என்றால் யாராவது நம்புவார்களா?

சாமான் வேறொன்றுமில்லை, அவர் ஆற்றில் ஆள் ஏற்றி ஓட்டும் பழைய விசைப்படகுக்கு ஒரு டிரைவ். எஞ்சின் படகுக்குள் இருக்கும். பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் இறங்கி விசிறியைச் சுழற்றுகிற கால்தான் டிரைவ். பழைய காலுக்குள் முகத்துவாரத்து உப்புத் தண்ணீர் புகுந்து பல்சக்கரமெல்லாம் பொடிப்பொடியாகிவிட்டது. அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்தி எத்தனையோ காலம். தேடாத இடமில்லை, கிடைத்தபாடில்லை.

"பாருங்க மாமா, அச்சு அசல் அதேதான்," என்றான் மாப்பிள்ளை. "போல்ட் ஓட்டை ஆறும் அப்படியே உக்காருது. பெரிய எஞ்சின் படகுல இருந்து கழட்டினது. நம்மளோடதைவிட ஸ்ட்ராங்கு!"

மாமா! அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! போன வருஷம் மாப்பிள்ளை பூட்டிக் கொடுத்த பம்பு ஒழுகியதற்கு, துறையில் நாலு பேர் முன்னால் "அரைகுறை வேலை" என்று வாயை விட்டார் செக்கிங். சொல்லாமல் இருந்திருந்தால் தலையா போயிருக்கும்? சொந்தமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் அவன். முகம் சுண்டிப்போய்த் திரும்பினவன்தான், அப்புறம் மாமனார் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மகள் மட்டும் தனியாக வருவாள், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் கிளம்பிவிடுவாள். "நான் யார் பக்கம்ப்பா பேசுறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு அழுதாள். அந்த அழுகை அவரைத் தூங்கவிடவில்லை.

இப்போது அவனே, யாரும் கேட்காமல், எங்கோ ஒரு பழைய சாமான் கிடங்கில் தேடித் துருவி இதைக் கொண்டுவந்திருக்கிறான்.

அவன் டீ வாங்கப் போனான். 'பெரிய எஞ்சின்' என்று அவன் சொன்னதிலேயே செக்கிங்கின் நினைப்பு நின்றது. எவ்வளவு நேரம்தான் கைகட்டி நிற்பது? பையிலிருந்து மார்க்கரை எடுத்து விசிறி இதழில் ஒரு கோடு, அதற்கு நேராக டிரைவின் உடம்பில் ஒரு கோடு இழுத்தார். கியரைப் போட்டு, எஞ்சினுக்குள் போகிற தண்டைக் கையால் சுற்றினார். அவருடைய சின்ன எஞ்சினுக்கு, தண்டு இரண்டு சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று வரவேண்டும். இது ஒன்றரைச் சுற்றிலேயே வந்து நின்றது; எஞ்சினுக்குப் பாரம் கூடுதல்.

மறுபடி சுற்றினார். ஒன்றரைதான். சின்ன எஞ்சின் இந்த விசிறியைச் சுழற்ற முக்கி முக்கியே செத்துப்போகும். ஆள் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றில் இழுவைத் தண்ணீரில் நின்றுவிட்டால்?

சொன்னால், 'வந்ததும் வராததுமா குத்தம் கண்டுபிடிச்சிட்டார்' என்று போய்விடுவான். அப்புறம் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். அழியாத மை, அழியுமா? அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மாமா, செக்கிங்கா?"

"சேச்சே! நீங்க கொண்டுவந்ததுக்கு என்ன செக்கிங் மாப்பிள்ளை? பிரமாதம்!" என்றார். டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

செயின் போட்டுத் தூக்கிப் பூட்டினார்கள். ஆறு நட்டும் சமர்த்தாக உட்கார்ந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். மதியம் மகள் வந்தாள். அப்பாவும் கணவனும் ஒரே ஸ்பேனரைக் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்து அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே! செக்கிங் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார். ஆள் இல்லாமல் ஓட்டினால் ஒருவேளை இழுத்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்று பேரும் ஏறினார்கள். கரையோரம் நன்றாகத்தான் போயிற்று. நடு ஆற்றில் மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் முனகியது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டதே தவிர, வேகம் பிடித்து எழும்பவில்லை. பின்னால் கறுப்புப் புகை. "இன்னும் கொஞ்சம்," என்று மாப்பிள்ளை கைப்பிடியைத் தள்ளினான். சூடு காட்டும் முள் ஏறுவதைத் தவிர செக்கிங்கின் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"போதும் மாப்பிள்ளை, அணைச்சிடுங்க!"

எஞ்சின் அடங்கியது. விசிறியில் ஏதாவது சுற்றியிருக்குமோ என்று மாப்பிள்ளை டிரைவை மேலே தூக்கினான். சுற்றியிருக்கவில்லை. ஈரம் சொட்டும் இதழில் ஒரு கறுப்புக் கோடு. உடம்பில் இன்னொன்று.

அவனும் மெக்கானிக்தானே. கோட்டைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான்.

"எப்ப போட்டீங்க?"

"நீங்க டீ வாங்கப் போனப்ப."

"எவ்வளவு வந்துச்சு?"

"ஒன்றரை." "சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"எங்க போறது? நடு ஆத்துல இருக்கோம்," என்றான் மாப்பிள்ளை. சிரிக்கவில்லை. முன்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பம்பு ஒழுகத்தான் செஞ்சுது மாமா. அதை நீங்க சொன்னதுக்கா நான் போனேன்? நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு நாம ரெண்டு பேர் மட்டும்தானே இருந்தோம். இன்னிக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?"

ஆறு படகை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது.

"என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்று முன்னாலிருந்து மகள் கேட்டாள்.

செக்கிங் நகர்ந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். மகளுக்குக் கேட்காதபடி, அவன் காதோரம் குனிந்து சொன்னார்.

"மாப்பிள்ளை, இந்த டிரைவ் நம்ம படகுக்குச் சேராது."

"சரி மாமா," என்றான் அவன். "மெதுவா ஓட்டிட்டுப் போய்க் கழட்டிடலாம்."