அமராவதியின் பாண்

1

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பாகத்தான் தொடங்கியது. நல்ல சாண்ட்விச்சுக்கு உள்ளே என்ன வைக்கலாம் என்று ஒரு வாரப் பத்திரிகை வாசகர்களைக் கேட்டிருந்தது. எனக்குத் தெரியும் என்று பேனாவைத் திறந்தேன்.

‘இரண்டு ரொட்டித் துண்டுகளை நெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டவும். மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து இடித்து, எலுமிச்சை பிழிந்த தேங்காய்ச் சம்பல், அதன்மேல் வறுத்து இடித்த நிலக்கடலை, அவித்த முட்டை. ருசி...’

இதற்குமேல் எழுத முடியவில்லை. நானூறு பொட்டலமாவது சுமந்திருக்கிறேன். ஒரு வாய் தின்றதில்லை.

2

(வேறு தொடக்கம்.) 1956. ஆலங்குடியில் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க். என் மனைவி அமராவதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே ரொட்டிக்குப் பாண் என்று பெயர், அன்றாடச் சாப்பாடு. இங்கே அது காய்ச்சல்காரர் தின்பது. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ரொட்டியை வாங்கி, வாழையிலையில் கட்டித் தந்தாள்.

அலுவலகத்தில் பிரித்ததும் ஹெட்கிளார்க் உடையப்பன் எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். பொட்டலத்தைப் பியூன் ராக்கனிடம் கொடுத்துவிட்டு ஓட்டலுக்குப் போனேன்.

(‘ரொட்டிக்காக வெட்கப்பட்டேன்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவளுக்காக வெட்கப்பட்டேன். தெருவில் அவளைச் ‘சிலோன்காரி’ என்பார்கள்.)

3

சாயங்காலம் கேட்டாள். “எப்படிங்க இருந்துச்சு?”

“நல்லாருந்துச்சு. காரந்தான் கொஞ்சம் கம்மி.”

மறுநாள் மிளகாயைக் கூட்டினாள். புளிப்பு, உப்பு என்று நானும் தினம் ஒன்று சொன்னேன். ஓர் ஆண்டு.*

* ஒருவன் ஓர் ஆண்டு இப்படிப் பொய் சொல்வானா என்று நீங்கள் சந்தேகப்படலாம். கற்பனைப் பாத்திரமாக இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

4

நான் லீவில் இருந்த ஒரு நாள் ராக்கன் எங்கள் வீட்டுக்கு ஃபைல் கொண்டுவந்தான். உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அமராவதி அவனுக்குக் காபி கொடுத்தாள்.

“அம்மா, அந்த ரொட்டிப் பக்குவம் யாருக்கும் வராதுங்க. எம் பொஞ்சாதிகிட்ட தெனமும் சொல்லுவேன். இப்பத்தான் காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க.”

பொத்தான் துளையில் நுழையவில்லை.

“தெனமும் நீங்கதான் சாப்பிடுறீங்களாண்ணே?”

“ஆமாங்கம்மா. அய்யா எனக்கே குடுத்துருவாக.”

காலி டம்ளரை வாங்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: “நாளையிலருந்து காரத்தக் கொறைச்சிடுறேண்ணே.”

(இந்த இடத்தில் அரைப் பக்கம் சண்டை எழுதினேன். அழுகை, உடைந்த தட்டு, என் மன்னிப்பு. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.)

மறுநாள் என் பையில் இரண்டு பொட்டலங்கள்.

“இது ஒங்களுக்கு, தயிர்சோறு. இது ராக்கன் அண்ணனுக்கு.”

மணமேல்குடிக்கு மாற்றலாகும் வரை தினமும் சுமந்தேன். வழியெல்லாம் பைக்குள்ளிருந்து நெய் மணக்கும். ராக்கனிடம் ஒரு துண்டு கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மணமேல்குடிக்கு ரொட்டி வரவில்லை, வாங்கிவரச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

5

முடிவு ஒன்று: இதைப் படித்துச் சிரித்துவிட்டு அவள் எனக்குச் செய்து தருகிறாள். (பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: பத்தாண்டுக் கோபத்தையும் கொட்டித் தீர்க்கிறாள். (அப்படிப் பேசுகிறவள் அல்ல.)

நடந்தது இது. போன வாரம் புதுக்கோட்டை போனபோது ஒரு ரொட்டி வாங்கிவந்து அடுப்படியில் வைத்தேன்.

“ஒரு தடவ செஞ்சு தாயேன்.”

ரொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “மறந்து போச்சுங்க.”

“நான் சொல்றேன். தேங்கா, நெலக்கடல, முட்ட...”

“அதெல்லாம் சாமான். பக்குவம் மறந்து போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டாளா, எனக்குச் செய்ய மட்டும் மறந்துவிட்டாளா? இதை முடிக்க எனக்குத் தெரியவில்லை. வாசகரே, வீட்டுக்கு வந்தால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் செய்து தந்தாலும் தருவாள். தந்தால், உட்கார்ந்து முழுக்கச் சாப்பிடுங்கள். எப்படி இருந்தது என்பதை அவளிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம்.