உடையாத மாத்திரை

பக்தவத்சலம் சார் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷம் தகடு அழுத்தியவர். அந்த ஒரே தகுதியோடு செங்கல்பட்டில் எங்கள் மாத்திரை கம்பெனிக்கு மேலாளராக வந்து சேர்ந்தார். எல்லாம் எங்கள் தலையெழுத்து.

நாங்கள் செய்வது வயிற்றுப்புண் மாத்திரை. உள்ளே கடுகை விடச் சின்னச் சின்ன மருந்து உருண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பூச்சு. இரைப்பை அமிலத்தில் மருந்து வீணாகாமல் குடல் வரை போவது அந்தப் பூச்சால்தான். அழுத்தும்போது அது விரிசல் விடக் கூடாதென்றே நடுவில் மெத்தை மாதிரி மிருதுவான மாவு சேர்க்கிறோம்.

கோவளத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் மாத்திரை ஓரம் உதிர்கிறது என்று சொல்லிவிட்டாராம். சார் நேராக என் மெஷினுக்கு வந்தார்.

"இன்னாப்பா ரஞ்சித்து, மாத்திரையா இது, பொரி உருண்டையா? மாவக் கொற. ப்ரெஷர ஏத்து."

"பூச்சு ஒடஞ்சிடும் சார்."

"எனக்கே ப்ரெஸ் ஓட்டக் கத்துத் தர்றியா நீ?"

அவரே ஏற்றினார். வந்த மாத்திரையை ஓங்கித் தரையில் அடித்தார். உடையவில்லை. கோப்பை ஜெயித்தவர் போல எல்லோரையும் பார்த்தார். அடடா! நோயாளி என்ன, தரையில் அடித்துப் பார்த்தா விழுங்கப் போகிறான்?

அன்றைய உற்பத்திப் பதிவேட்டை என்னிடம் தள்ளி, "கையெழுத்து போடு" என்றார். மருந்து கெட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவன்தான். அப்படி மாட்டினவனை வேறெந்த மருந்துக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

"போட மாட்டேன் சார். வேலய வுட்டுத் தூக்கினாலும் சரி."

"தொடநடுங்கி!" என்று அவரே போட்டார், இரண்டு வரி அடைக்கிற மாதிரி.

மறுநாள் ஆய்வகத்தில் வைஷாலி ஆறு மாத்திரைகளை அமிலத்தில் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தாள். பூச்சு முழுசாக இருந்தால் அமிலத்தின் நிறம் மாறவே கூடாது. ஆறு குடுவையும் டிகாஷன் மாதிரி பழுப்பாகிவிட்டது. மொத்த உற்பத்தியும் குப்பைக்குத்தான்.

சார் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார். "ரஞ்சித்து, ஒயிட்னர் கீதா?"

மருந்துக் கம்பெனியில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். இந்த மேதைக்குத் தெரியவில்லை. பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினேன்.

"அழிக்கக் கூடாது சார். குறுக்கால ஒரே கோடு போடுங்க, கீழ எழுதினது தெரியணும். பக்கத்துல காரணத்த எழுதி இன்னொரு கையெழுத்து போடுங்க."

அவர் பேனாவை வாங்கிக் கோடு போட்டார். "காரணம் இன்னான்னுப்பா எழுதறது?"

"தரையில அடிச்சுப் பாத்தேன், ஒடையலன்னு எழுதுங்க சார்."