யாருமே சொல்லாத வாக்கியம்

ஜெர்மானிய மொழிகளின் வாக்கிய அமைப்பை ஒப்பிட்டு ஒப்பிட்டே பேராசிரியைக்குத் தலை நரைத்துவிட்டது. டச்சும் ஸ்வீடிஷும் ஐஸ்லாண்டிக்கும் அக்கா தங்கைகள்தான். முகஜாடை ஒன்று, குணம் வேறு. அந்தக் குடும்பத்தில் எவளும் தாண்டாத கோடு ஒன்று உண்டென்று அவர் ஒரு விதி கண்டிருந்தார். இருபத்தாறு வருட உழைப்பு. புத்தகத்தின் கடைசி மெய்ப்பு மேசைமேல் இருந்தது. மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

விதிக்கு முட்டுக்கொடுத்தவர், அந்தக் குடும்பத்து வட்டார மொழி ஒன்றைப் பேசும் ஒரு மலையூர் ரொட்டிக்கடைக்காரர். விதியை மீறும் நாற்பது வாக்கியங்களைப் படித்துக்காட்டி, "இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டபோது, மனுஷன் நாற்பதுக்கும் "சேச்சே, யாருமே சொல்ல மாட்டாங்க" என்று அடித்துச் சொல்லியிருந்தார். கேள்வி முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்திவிடுவது பேராசிரியையின் வழக்கம். அன்று மட்டும் மறந்திருக்கிறார்.

பேட்டித் தேதியைச் சரிபார்க்கத்தான் இன்று அதைப் போட்டார். கணவர் காபியோடு வந்து பேச்சுக் கொடுத்ததில் அது பாட்டுக்கு ஓடியது. நன்றி சொல்லும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அடுப்பு அணைந்துவிட்டதென்று ரொட்டிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்து ஒரு கத்தல்.

பேராசிரியை திடுக்கிட்டு, ஒலிப்பதிவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார். கோட்டைத் தாண்டிய வாக்கியம்! மனைவியும் அதே அமைப்பில்தான் பதிலுக்குச் சீறினாள்.

"கோபத்துல வாய் தவறியிருக்கும், விட்டுத்தள்ளு," என்றார் கணவர்.

தவறவில்லை. பத்து நிமிடச் சண்டையில் பதினொரு தடவை, ஒரு சொல் இடம் மாறாமல் வந்தது. பயம் போய்ப் பேராசிரியைக்கு மெய்சிலிர்த்தது. அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் வாயில் இவ்வளவு ஒழுங்கு குடியிருக்கிறதே! வெட்கமாகவும் இருந்தது. இத்தனை காலம் கேள்வி கேட்டாரே தவிர, காது கொடுக்கவில்லை.

ரொட்டிக்கடைக்கே போன் போட்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லி மறுபடி கேட்டார்.

"அப்படி யாராச்சும் பேசுவாங்களா? படிச்ச நீங்களே இப்படிக் கேக்கலாமா!" என்று சிரித்தவர், "ஒரு நிமிஷம்" என்று திரும்பி மனைவியிடம் ஏதோ கத்தினார். அதே அமைப்பு, அச்சுப் பிசகாமல்.

பேராசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை எடுத்து மெய்ப்பின் முதல் பக்கத்தில் 'அச்சிட வேண்டாம்' என்று எழுதினார்.

கணவர் பதறிப்போனார். "இருபத்தாறு வருஷம்மா!"

"உஸ், கேளுங்க," என்று ரிசீவரை அவர் காதில் வைத்தார். மறுமுனையில் இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.