பிளீச்சிங் பவுடர் போட்ட கரை

வைத்தியலிங்கத்துக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் கை சும்மா இருக்காது. குடவாசல் பக்கம் அவர் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் பட்டாம்பூச்சி காட்ட, வழிகாட்டி தஹ்மீனா ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வருகிறாள் என்று கேட்டதுதான் தாமதம். முதல்நாளே ஆள்விட்டுக் கரையைச் செதுக்கி, மந்திரி வருகிற பாதை மாதிரி இருபுறமும் பிளீச்சிங் பவுடரில் கோடும் போட்டுவிட்டார், மகராசன்!

ஞாயிறு காலை வேனிலிருந்து இறங்கிய தஹ்மீனா முதலில் கரையைத்தான் பார்த்தாள். கரையில் படர்ந்து கிடந்த ஆடுதின்னாப்பாளையில் ஒரு கொடிகூட மிச்சமில்லை. அந்தப் பக்கம் அருகிக்கொண்டு வரும் சிவப்புடல் அழகிப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு அந்தக் கசப்புக் கொடிதான் சோறு. அதற்காகத்தான், வண்டித்தடத்தை விட்டுக் காலை எடுத்து வைக்காதீர்கள் என்று வேனிலேயே தொண்டை கிழியச் சொல்லியிருந்தாள்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க! புழு இருந்த செடிண்ணே அது!”

“களைன்னுல்ல நெனச்சேன் தங்கச்சி. வர்றவங்க கால்ல முள்ளுகிள்ளு குத்திடக் கூடாதேன்னு...” அவர் முகம் சுண்டிப்போனது.

அதற்குமேல் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தான் ஆட்களைக் கூட்டி வந்ததால்தானே இந்தக் கொடி போயிற்று!

“வெட்டினதெல்லாம் எங்கண்ணே?”

“களத்துல கெடக்கு. இன்னும் கொளுத்தல.”

இருவரும் ஓடினார்கள். வாடிய கொடிகளில் புழுக்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. “யா அல்லாஹ்!” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் அவள்.

“மோட்டார் கொட்டகைக்குப் பின்னால இதே கொடி மண்டிக் கெடக்கும்மா. நாளைக்கு டிராக்டர் விட இருந்தேன். விடல, போ!”

புழுவில் கைபடாமல் கொடியோடு தூக்கிப்போய்ப் பச்சைக் கொடிமேல் பரப்பினார்கள். வந்தவர்கள் சாலையிலேயே நின்றார்கள். வைத்தியலிங்கத்தின் மனைவி அகிலாண்டம் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, முணுமுணுக்காமல் திரும்பினார்கள்.

அடுத்த தடவை தஹ்மீனா வேறு ஆட்களோடு வந்தபோது, கொட்டகைக்கு மேலே கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக ஒன்று பறந்தது. “அதோ, அதோ!” என்று எல்லோரும் கத்தினார்கள். படமெடுக்கும் ஆசையில் தஹ்மீனா தன்னை மறந்து தடத்தைவிட்டு இறங்கிவிட்டாள்.

“ஏ தங்கச்சி! காலை எடு! கூட்டுப்புழு தொங்குது, கண்ணு தெரியலயா?”

வைத்தியலிங்கம் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. இத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கியவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இனி, தான் இல்லாத நாளிலும் இந்தப் புழுக்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது.

“ரொம்ப நன்றிண்ணே” என்றாள்.

“நன்றி கெடக்கட்டும். மொதல்ல தடத்துக்கு வா” என்றார் அவர்.